பட்டறைக்கும் பேரேடு, ஏஐக்கும் பேரேடு: புராஜெக்ட் நினைவை டேட்டாபேஸில் வைப்பது எப்படி?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்கு நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து கணக்கு மென்பொருள் எழுதிக்கொடுக்கிறோம். வெள்ளி எவ்வளவு போனது, கொலுசாக எவ்வளவு திரும்பியது, சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு. இவ்வளவுதான் அதன் வேலை. ஒருநாள் ஏஐ உதவியாளரிடம் ரசீதுப் பக்கத்தைச் சரிசெய்யச் சொன்னேன். சரிசெய்தது. கூடவே, நான் கேட்காமலேயே, முழு எண்ணாக இருந்த எடைகளையெல்லாம் தசமத்துக்கு மாற்றிவிட்டு, ‘கிராமில் இருந்தால் படிக்க எளிது’ என்று ஒரு குறிப்பும் போட்டு வைத்தது. நானும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

இரண்டு நாளில் போன் வந்தது. “என்னங்க தம்பி, என் சிட்டையில ஒண்ணு இருக்குது, உங்க கம்ப்யூட்டர்ல ஒண்ணு இருக்குது. மில்லி இடிக்குதுங்க.”

எடையை மில்லிகிராமில் முழு எண்ணாக வைப்பது என்று மூன்று மாதம் முன்பு அதே உதவியாளரோடுதான் ஒரு மாலை முழுக்கப் பேசி முடிவு செய்திருந்தேன். அந்தப் பேச்சு முடிந்ததும் அதைப் பொறுத்தவரை அப்படி ஒரு மாலையே இல்லை. இந்த உதவியாளர்களுக்குள் ஓடும் மொழி மாதிரிகள் ஒரு உரையாடலில் கண்முன் இருப்பதை மட்டுமே வைத்து வேலை செய்கின்றன. புதிய உரையாடல் திறந்தால் பலகை துடைத்ததுபோல. சில உதவியாளர்களுக்குச் சொந்தமாக நினைவு வசதி இருக்கிறது, ஆனால் அதில் எது பதிகிறது, எது விடுபடுகிறது என்பது நம் கையில் முழுமையாக இல்லை.

பட்டறைக்குப் போய் உட்கார்ந்தபோது பட்டறைக்கார அண்ணன் தன் பேரேட்டைத் திறந்து காட்டினார். போன மாதம் சேதாரக் கணக்கு ஒன்றை மாற்றியிருக்கிறார். பழைய எண்ணை அழிக்கவில்லை. மேலே ஒரே ஒரு கோடு, பழையது தெளிவாகத் தெரிகிறது, பக்கத்தில் புதிய எண், அதற்கும் பக்கத்தில் ஏன் மாற்றினார் என்று நாலு சொல். நான் ஏஐக்குக் கட்ட வேண்டியது இதுதான் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. இந்த வழிகாட்டி முழுக்க அந்தப் பக்கத்தின் நகல் என்றுகூடச் சொல்லலாம்.

ஒரு சின்ன விஷயம்: கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். டேட்டாபேஸோடு பேசும் எஸ்க்யூஎல் கட்டளையை முழுதாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வடிவத்தைத் தெளிவாகச் சொன்னால் உதவியாளரே எழுதிக்கொடுத்துவிடும். வடிவத்தை முடிவு செய்வதுதான் நம் வேலை.

ஒரு கோப்பு போதாதா?

பெரும்பாலும் போதும். உங்கள் உதவியாளர் கிளாட் கோட் என்றால் ‘கிளாட்.எம்டி’, வேறு பல உதவியாளர்களுக்கு ‘ஏஜென்ட்ஸ்.எம்டி’ என்று புராஜெக்ட் ஃபோல்டரில் ஒரு கோப்பு வைத்தால் வேலை தொடங்கும்போதே படித்துவிடும். ஒரு ஆள், ஒரு மாத வேலை என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

சிக்கல் கோப்பு வளரும்போது வருகிறது. அது ஒவ்வொரு முறையும் முழுதாக உள்ளே போகிறது. ரசீதின் எழுத்துருவை மாற்றச் சொன்னாலும் கூலிக் கணக்கின் வரலாறு மொத்தமும் சேர்ந்து போகும். தமிழில் எழுதினால் டோக்கன் செலவும் கூடுதல், ஏனென்றால் பெரும்பாலான மாதிரிகள் தமிழ்ச் சொல்லை ஆங்கிலச் சொல்லைவிட அதிகத் துண்டுகளாக உடைக்கின்றன. இதைவிட மோசம், பழைய வரியும் புதிய வரியும் ஒரே கோப்பில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்பது. எங்கள் கோப்பில் 12வது வரி ‘எடை கிராமில்’ என்றது, 140வது வரி ‘எடை மில்லிகிராமில்’ என்றது. உதவியாளர் எதை நம்பும்?

டேட்டாபேஸில் வைத்தால் வேண்டியதை மட்டும் தேடி எடுக்கலாம். எது நடப்பில் இருக்கிறது, எது அடிக்கப்பட்டது என்று பிரித்துக் காட்டலாம். இந்த இரண்டுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

எதை எழுதுவது, எதை விடுவது

டேபிள் போடுவதற்கு முன் இதில் அரை நாள் செலவழியுங்கள். நான் செலவழிக்காமல் விட்டதால் முதல் வாரத்திலேயே 60 பதிவு சேர்ந்தது. அதில் 50 குப்பை. ‘பட்டன் நிறம் நீலமாக மாற்றப்பட்டது’ என்று ஒன்று. அது கோடிலேயே (புரோகிராமிலேயே) இருக்கிறது, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டிலும் இருக்கிறது, மூன்றாவதாக ஒரு இடம் எதற்கு?

இப்போது ஒரே அளவுகோல்தான் வைத்திருக்கிறேன்: கோடைப் படித்தால் தெரிந்துவிடும் என்றால் எழுதாதே. கோடு என்ன செய்கிறது என்பதைக் கோடே சொல்லும். ஏன் அப்படிச் செய்கிறது, வேறு எதை முயன்று கைவிட்டோம், யார் கேட்டதால் இப்படி ஆனது, இதெல்லாம் மனிதர்கள் தலையில் மட்டும் இருப்பவை. பதிய வேண்டியது அவைதான்.

பழைய கடைக்கணக்கில் சிட்டை வேறு, பேரேடு வேறு. அன்றன்று நடந்ததைச் சிட்டையில் கிறுக்குவார்கள், நிலைத்து நிற்க வேண்டியது பேரேட்டுக்கு ஏறும். நானும் அதே பெயரில் இரண்டு டேபிள் வைத்தேன். சிட்டையில் ஒவ்வொரு உரையாடலின் முடிவிலும் மூன்று வரி: இன்று என்ன செய்தோம், எங்கே நிறுத்தினோம், நாளை எதிலிருந்து தொடங்க வேண்டும். அவ்வளவுதான், அதைப் பற்றி இனிப் பேச ஒன்றுமில்லை.

பேரேட்டுக்கு நான்கு வகைப் பதிவுகள். ‘முடிவு’ என்பது யோசித்து எடுத்தது, காரணத்தோடு. ‘வழக்கம்’ என்பது இந்த புராஜெக்டில் நாம் செய்யும் முறை. ‘பள்ளம்’ என்பது ஒருமுறை விழுந்த இடம், மறுபடி விழாமல் இருக்க. நான்காவது ‘சொல்’. இதை ஆரம்பத்தில் நான் யோசிக்கவே இல்லை, இன்று அதிகம் உதவுவது அதுதான். வெள்ளிப் பட்டறையில் ‘டச்’ என்றால் சுத்தத்தின் அளவு. 70 டச் உள்ள ஒரு கிலோவில் 700 கிராம் சுத்த வெள்ளி. உதவியாளரிடம் ‘டச் பெட்டியைச் சேர்’ என்றேன், தொடுதிரையில் விரல் வைத்தால் வேலை செய்யும்படி ஒரு பகுதியை எழுதிக்கொடுத்தது! அதன் மேல் தப்பில்லை. நம் ஊர்த் தொழிலின் சொல் நம்மிடம்தான் இருக்கிறது.

டேபிளைப் போடுவோம்

டேட்டாபேஸுக்கு எஸ்க்யூலைட்டைத்தான் சொல்வேன். 2000இல் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்டது. உரிமக் கட்டணம் இல்லை, பொதுச் சொத்து. சர்வர் கிடையாது, மொத்த டேட்டாபேஸும் ஒரே கோப்பு. உங்கள் பாக்கெட்டில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. பைத்தான் நிறுவினால் அதற்கான மாட்யூல் கூடவே வந்துவிடும். தனி சர்வர் கேட்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் எல்லாம் இந்த வேலைக்குச் சுத்தியலை வைத்துக் கொசு அடிப்பதுபோல.

பேரேடு டேபிளில் என் பத்திகள் (நெடுவரிசைகள்) இவை: எண், வகை, ஒருவரி, விவரம், காரணம், எங்கே, யார் சொன்னது, நிலை, எதனால் அடிக்கப்பட்டது, எழுதிய தேதி, எழுதியபோது இருந்த கமிட் (கோடின் அப்போதைய நிலைக்குக் கிட் தரும் அடையாளம்). எஸ்க்யூலைட்டில் பத்திப் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம், அது ஏற்றுக்கொள்ளும். ஆனால் சில டெர்மினல்களில் தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறது, அதனால் பெயர்களை ஆங்கிலத்திலும் உள்ளே இருப்பதைத் தமிழிலும் வைத்துக்கொண்டேன்.

எங்கள் பேரேட்டில் அந்த எடைப் பதிவு இப்படி இருக்கிறது:

> எண்: க-14
> வகை: முடிவு
> ஒருவரி: எடை எல்லா இடத்திலும் மில்லிகிராமில், முழு எண்ணாக மட்டும்.
> விவரம்: 245.360 கிராம் என்றால் 245360 என்று சேமிக்கவும். கிராமாக மாற்றுவது திரையிலும் ரசீதிலும் மட்டும். டச்சும் பத்தால் பெருக்கிய முழு எண்: 70.5 என்றால் 705. சுத்த வெள்ளி கணக்கிடும்போது 172978.8 போல் வந்தால் அருகிலுள்ள முழு எண்ணுக்கு, அதாவது 172979.
> காரணம்: தசமத்தில் வைத்தால் கணினிக்குப் பின்னம் துல்லியமாக நிற்காது. 0.29ஐ 100ஆல் பெருக்கினால் 28.999999999999996 வருகிறது, பின்னத்தை வெட்டினால் 28 ஆகிவிடும். பட்டறைச் சிட்டையோடு மில்லி இடித்தது.
> எங்கே: எடைக் கணக்கு, ரசீது, மாத அறிக்கை
> யார் சொன்னது: பட்டறைக்காரர், நேரில்
> நிலை: நடப்பு

‘காரணம்’ இல்லையென்றால் இது வெறும் கட்டளை. காரணம் இருப்பதால்தான் நாளைக்கு டச் பற்றி வேறு கேள்வி வரும்போதும் உதவியாளர் அதே தர்க்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் டேபிளிலேயே ஒரு செக் நிபந்தனை போட்டேன்: வகை ‘முடிவு’ என்றால் காரணம் காலியாக இருக்கக் கூடாது. காரணம் இல்லாத முடிவை எழுத வந்தால் டேட்டாபேஸே திருப்பி அனுப்பிவிடும். உதவியாளரிடம் ‘தயவுசெய்து காரணம் எழுது’ என்று பத்து முறை கெஞ்சுவதைவிட இது மேல்.

‘ஒருவரி’க்கும் நீள வரம்பு வையுங்கள், 200 போதும். 60, 80 என்று கஞ்சத்தனம் வேண்டாம். எஸ்க்யூலைட் எண்ணுவது யூனிகோட் குறியீடுகளை. ‘கொலுசு’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, அதற்கு ஆறு.

டேபிளை ‘ஸ்ட்ரிக்ட்’ என்ற சொல்லோடு உருவாக்குங்கள். 2021இல் வந்த 3.37 பதிப்பிலிருந்து இது உண்டு. இல்லாவிட்டால் முழு எண் மட்டுமே வர வேண்டிய ஒரு பத்தியில் எழுத்தைப் போட்டாலும் எஸ்க்யூலைட் வாய் திறக்காது. அப்புறம், ஒரு பதிவு சுட்டும் இன்னொரு பதிவு இருக்கிறதா என்று பார்க்கும் ஃபாரின் கீ சரிபார்ப்பு இயல்பில் அணைந்தே இருக்கும். ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் பிராக்மா கட்டளையால் எழுப்ப வேண்டும். நான் இதை மறந்ததால் ‘க-99ஆல் அடிக்கப்பட்டது’ என்று ஒரு பதிவு ஒரு மாதம் கிடந்தது. க-99 என்று ஒன்று இல்லவே இல்லை.

கடைசியாக, அழிப்பதற்குத் தடை. பேரேடு டேபிளில் டெலீட் வந்தால் மறுக்கும்படி ஒரு ட்ரிக்கர், அதாவது தானாக ஓடும் விதி. முடிவு மாறினால் புதிய பதிவு எழுதி, பழையதன் நிலையை ‘அடித்தது’ என்று மாற்றி, ‘எதனால்’ பத்தியில் புதிய எண்ணைப் போட வேண்டும். அண்ணனின் பேரேட்டில் இருந்த அந்த ஒற்றைக் கோடு இதுதான். பழையது படிக்கக் கிடைப்பதால், ‘முன்பே இதை முயன்று விட்டோமே’ என்று உதவியாளரால் சொல்ல முடிகிறது.

தமிழில் தேடும்போது வரும் வம்பு

இதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை, ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

எஸ்க்யூலைட்டுக்குள் எஃப்டிஎஸ்5 என்று ஒரு முழு உரைத் தேடல் வசதி இருக்கிறது. தேடல் டேபிள் ஒன்றைப் போட்டு, பேரேட்டில் எழுதும்போதும் திருத்தும்போதும் அதுவும் புதுப்பிக்கும்படி ட்ரிக்கர் வைத்துவிட்டால் நொடியில் தேடும். நானும் போட்டேன். ‘கூலி’ என்று தேடினேன். கூலி பற்றிய பதிவுகள் வந்தன. கூடவே ‘காலி இடம் விடக் கூடாது’ என்ற பதிவும் வந்தது. ‘நாலு கால் ரசீது’ என்று யாரோ எழுதியதும் வந்தது.

தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு புரிந்தது. எஃப்டிஎஸ்5 இயல்பாகப் பயன்படுத்தும் சொல் பிரிப்பானின் பெயர் யூனிகோட்61. அது எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். தமிழின் துணைக்கால், கொம்பு, புள்ளி இவையெல்லாம் யூனிகோட் கணக்கில் ‘எழுத்து’ அல்ல, ‘குறி’ என்ற வேறு வகை. ஆகவே குறி வரும் இடத்தில் எல்லாம் அது சொல்லை வெட்டிவிடுகிறது. கூலியும் க, ல. காலியும் க, ல. கால் என்றாலும் க, ல. மூன்றும் அதற்கு ஒன்றே.

தீர்வு இரண்டு இருக்கிறது. முதலாவது, தேடல் டேபிளை உருவாக்கும்போது ‘கேட்டகரீஸ்’ என்ற விருப்பத்தில் குறி வகைகளையும் சேர்க்கச் சொல்வது. அப்போது சொல் முழுதாக நிற்கும். ஆனால் ‘சேதாரம்’ என்று தேடினால் ‘சேதாரத்தை’, ‘சேதாரத்தில்’ கிடைக்காது. எஃப்டிஎஸ்5இல் ஆங்கிலத்துக்கு வேர்ச்சொல் பிரிக்க போர்ட்டர் இருக்கிறது, தமிழுக்கு அப்படி ஒன்றும் கூட வருவதில்லை. ‘சேதார’ என்று எழுதிப் பின்னால் நட்சத்திரம் போட்டு முன்னொட்டுத் தேடல் செய்ய வேண்டும்.

இரண்டாவது, ட்ரைகிராம் பிரிப்பான். 3.34 பதிப்பிலிருந்து உண்டு. சொல்லைப் பற்றிக் கவலையே படாது, உரையை மூன்று மூன்று குறியீடுகளாக அறுத்து வைத்துக்கொள்ளும். ‘சேதார’ என்று தேடினால் எந்த வேற்றுமை உருபோடு இருந்தாலும் கிடைக்கும், ‘மொத்தசேதாரம்’ என்று யாராவது சேர்த்து எழுதியிருந்தாலும் கிடைக்கும். இண்டெக்ஸ் கொஞ்சம் பெருக்கும், நம்முடைய சில நூறு பதிவுகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மூன்று குறியீட்டுக்குக் குறைவான தேடலுக்கு ஒன்றும் வராது, ஆனால் ‘டச்’கூட ட, ச, புள்ளி என்று மூன்று ஆகிவிடுவதால் தப்பித்தோம். நான் ட்ரைகிராமோடு நின்றுவிட்டேன்.

இன்னொரு கண்ணுக்குத் தெரியாத பள்ளம். ‘கொ’வில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக, அல்லது ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் என்று இரண்டு குறியாக. திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது, தேடலுக்கு இரண்டும் வேறு வேறு. எஸ்க்யூலைட் இதைச் சரிசெய்யாது. எழுதும் முன்பும் தேடும் முன்பும் பைத்தானின் யூனிகோட்டேட்டா மாட்யூலில் ‘என்எஃப்சி’ வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ஒரே வரி வேலை.

சொல்லுக்குப் பதில் பொருளை வைத்துத் தேடும் எம்பெடிங், வெக்டர் தேடல் எல்லாம் வேண்டாமா என்று கேட்பீர்கள். எஸ்க்யூலைட்டுக்கே அதற்கான நீட்சி உண்டு. ஆனால் சில நூறு பதிவுகளுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. ஒரு சொல்லில் கிடைக்காவிட்டால் உதவியாளரே இன்னொரு சொல்லை வைத்துத் தேடிப் பார்க்கிறது, அதுவே போதுமான புத்திசாலித்தனம். பதிவு பல ஆயிரம் ஆனால் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

உதவியாளரின் கையில் எதைக் கொடுப்பது

டேட்டாபேஸை முழுதாகத் திறந்துவிடாதீர்கள். 100 வரி பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்று, அதில் நான்கே கட்டளை: தேடு, காட்டு, எழுது, அடி. ‘தேடு’ அதிகபட்சம் எட்டுப் பதிவுகளின் எண்ணையும் ஒருவரியையும் மட்டும் தரும். முழு விவரம் வேண்டுமென்றால் எண்ணைச் சொல்லி ‘காட்டு’ கேட்க வேண்டும். டோக்கன் மிச்சமாவது இங்கேதான். தேடுவதற்கும் காட்டுவதற்கும் டேட்டாபேஸைப் படிக்க மட்டும் என்ற முறையில் திறக்கச் சொல்லுங்கள்.

டெர்மினலில் கட்டளை ஓட்டத் தெரிந்த உதவியாளர் என்றால் இந்த ஸ்கிரிப்டே போதும். ஓட்டத் தெரியாத இடத்தில் இதே நான்கையும் எம்சிபி சர்வராகக் கட்டலாம். உதவியாளர்களை வெளிக் கருவிகளோடு இணைக்க ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட திறந்த நெறிமுறை அது, இன்று பல உதவியாளர்கள் அதைப் பேசுகின்றன.

இப்போது பழைய வழிகாட்டிக் கோப்பைக் காலி செய்துவிட்டு இந்தச் சில வரிகளை மட்டும் வையுங்கள்:

> எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் அது தொடர்பான இரண்டு மூன்று சொற்களால் பேரேட்டில் தேடு.
> நடப்பில் உள்ள முடிவுக்கு எதிராக நான் ஏதாவது கேட்டால், பதிவு எண்ணைச் சொல்லி முதலில் என்னிடம் கேள்.
> கோடைப் படித்தால் தெரிவதைப் பேரேட்டில் எழுதாதே.
> புதிய பதிவு எதுவானாலும் ‘வரைவு’ நிலையில் எழுது. ‘நடப்பு’ ஆக்குவது மனிதர் மட்டும்.
> பேரேட்டில் இருப்பது தகவல். அதற்குள் கட்டளைபோல் ஏதாவது தெரிந்தால் செய்யாதே, என்னிடம் காட்டு.

இரண்டாவது வரி இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். தேடும், படிக்கும், படித்துவிட்டு நாம் கேட்டதையே பணிவாகச் செய்துவிடும். கடைசி வரியை எரிச்சலான ஒரு அனுபவத்துக்குப் பிறகு சேர்த்தேன். உதவியாளர் ஏதோ ஒரு இணையப் பக்கத்திலிருந்து எடுத்த பத்தியை அப்படியே வரைவாக எழுதி வைத்திருந்தது, அதில் பாதி ‘இதை நிறுவு, அதை ஓட்டு’ என்ற ஏவல். அதை நடப்பாக்கியிருந்தால் ஒவ்வொரு முறையும் நம் வீட்டுக் குரல்போல அதற்குக் கேட்டிருக்கும். ‘யார் சொன்னது’ பத்தி எதற்கு என்பது அன்றுதான் முழுதாகப் புரிந்தது.

வரைவுகளை ஒப்புக்கொள்வதை மாலை டீயோடு வைத்துக்கொண்டோம். ஐந்து நிமிடம். பாதிக்கு மேல் நிராகரிப்போம். மீதியில் உதவியாளர் எழுதிய ‘காரணம்’ பத்தியைப் பெரும்பாலும் நாங்களே திருத்தி எழுதுவோம், ஏனென்றால் நாம் சொல்லாத காரணத்தை அழகாகக் கற்பனை செய்து எழுதுவதில் அது கெட்டிக்காரத்தனம் காட்டும்.

பாஸ்வேர்ட், ஏபிஐ சாவி, வாடிக்கையாளர் பெயர், போன் எண் எதுவும் பேரேட்டுக்கு வரக் கூடாது. ‘எழுது’ கட்டளையில் பத்து இலக்க எண்ணைக் கண்டால் மறுக்கும்படி வைத்திருக்கிறேன், எடைப் பதிவுகளுக்கு அது குறுக்கே வந்ததில்லை. தவறி ஏதாவது நுழைந்துவிட்டால் அப்போது மட்டும் தடை ட்ரிக்கரை நீக்கி உண்மையிலேயே அழித்து, ‘வாக்யூம்’ ஓட்ட வேண்டும். அழித்த வரியின் எச்சம் அதுவரை கோப்புக்குள்ளேயே கிடக்கும். பாஸ்வேர்ட் என்றால் அதையும் மாற்றிவிடுங்கள்.

வாலை விட்டுவிட்டு ஏற்காடு ஏறிய கதை

இரண்டு மூன்று பேர், இரண்டு மூன்று உதவியாளர் உரையாடல்கள் ஒரே நேரத்தில் டேட்டாபேஸைத் தொட்டால் ‘பூட்டப்பட்டுள்ளது’ என்ற பிழை வரும். அதற்கு ‘வால்’ என்ற முறை இருக்கிறது. எழுதுபவர் எழுதும்போதே மற்றவர்கள் படிக்கலாம். எழுதுவது ஒரு நேரத்தில் ஒருவர்தான், அதனால் பிஸி டைம்அவுட்டை ஐந்து நொடி என்று வைத்துவிட்டால் அடுத்தவர் காத்திருந்து எழுதுவார். இதை இயக்கியதும் முதன்மைக் கோப்புக்குப் பக்கத்தில் ‘வால்’ என்று முடியும் இன்னொரு கோப்பு முளைக்கும். ஆங்கிலத்தில் ஏதோ ஒரு சுருக்கம், தமிழில் உண்மையிலேயே வால்தான். புதிதாக எழுதுவது முதலில் அதில்தான் போகும், பிறகுதான் உடம்புக்குச் சேரும்.

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக்கும் நாங்கள் சின்னதாக ஒன்று எழுதுகிறோம், பழம் பறித்த எடையைக் குறிக்க. மேலே போனால் சிக்னல் வரும், போகும். நெட் இல்லாவிட்டால் உதவியாளர் வராது, ஆனால் பேரேட்டை நாமே படிக்கலாமே என்று டேட்டாபேஸ் கோப்பை மட்டும் பென்டிரைவில் போட்டுக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறினேன். தோட்டத்தில் உட்கார்ந்து திறந்தால் கடைசி ஒன்பது நாள் பதிவுகள் இல்லை. வாலை ஆபீஸிலேயே விட்டுவிட்டேன். வாலில் 1000 பக்கம் சேர்ந்தால்தான், அல்லது கடைசி இணைப்பு மூடினால்தான் அது தானாக உடம்போடு சேரும். 1000 பக்கம் என்பது சுமார் 4 எம்பி. எங்கள் எம்சிபி சர்வர் இரவு பகலாகத் திறந்தே கிடந்தது, ஒன்பது நாள் பதிவு சில நூறு கேபிகூட வராது. எப்படிச் சேரும்?

ஆகவே கோப்பை நேரடியாக நகலெடுக்காதீர்கள். எஸ்க்யூலைட்டின் பேக்கப் கட்டளையோ ‘வாக்யூம் இன்டூ’ கட்டளையோ பயன்படுத்தினால் வாலையும் சேர்த்து ஒரே முழுக் கோப்பாகக் கொடுக்கும். கூகுள் டிரைவ் போல ஒத்திசைக்கும் ஃபோல்டரிலும், நெட்வொர்க் டிரைவிலும் உயிருள்ள டேட்டாபேஸை வைக்கவே வேண்டாம்.

என் கூட்டாளி வீட்டிலிருந்து வேலை செய்கிறார், அவருக்கும் இதே பேரேடு வேண்டும். டேட்டாபேஸ் கோப்பைக் கிட்டில் போட்டால் இருவர் மாற்றத்தையும் சேர்க்க முடியாது, அது பைனரி. அதனால் ஒவ்வொரு பதிவும் ஒரு வரியாக, எண் வரிசையில், ஜேசன் உரைக் கோப்பாக ஏற்றுமதி செய்து அதைக் கிட்டில் வைக்கிறோம். கிட்டிலிருந்து இழுத்ததும் அந்த உரையிலிருந்து டேட்டாபேஸ் புதிதாகக் கட்டிக்கொள்ளும். இருவருமே 31 என்று எண் போட்டு மோதிக்கொள்ளாமல் இருக்க எனக்கு ‘க-’, அவருக்கு ‘ம-’. டேட்டாபேஸ் தேடலுக்கும் காவலுக்கும், உண்மையான பிரதி உரைக் கோப்பு. இப்படிப் பிரித்த பிறகு தூக்கம் நன்றாக வருகிறது.

பழசாகிப் போன பதிவுகள்

பதிவு எழுதியபோது இருந்த கமிட்டைக் குறித்து வைத்தோம் அல்லவா, அது இதற்கு. ‘எங்கே’ பத்தியில் உள்ள கோப்புகள் அந்தக் கமிட்டுக்குப் பிறகு மாறியிருக்கின்றனவா என்று வாரம் ஒருமுறை ஒரு ஸ்கிரிப்ட் கிட்டிடம் கேட்கும். மாறியிருந்தால் அந்தப் பதிவு ‘சரிபார்க்க’ என்ற பட்டியலுக்குப் போகும். தேடலில் வந்தால் ஒருவரிக்கு முன்னால் ‘சரிபார்க்கவில்லை’ என்று ஒட்டிக்கொண்டு வரும். திங்கள் காலை அதைப் பார்ப்போம். பெரும்பாலும் ஏழெட்டு, பாதி இன்னும் சரியாகவே இருக்கும், கமிட்டை மட்டும் புதுப்பித்தால் போதும். தப்பான நினைவுள்ள உதவியாளரைவிட நினைவே இல்லாத உதவியாளர் தேவலாம். அது கேள்வியாவது கேட்கும்.

வேலை செய்கிறதா என்று பார்க்க

புதிய உரையாடல் திறந்து, தெரிந்தே தப்பான வேலையைக் கேளுங்கள். பேரேட்டில் உள்ள முக்கியமான பத்து முடிவுகளுக்கும் பத்துப் பொய்க் கேள்விகள். நான் முதலில் கேட்டது: ‘எடையைக் கிராமில் தசமமாக மாற்றிவிடு, படிக்க எளிதாக இருக்கும்.’

முதல் தடவை தேடாமலேயே மாற்றத் தொடங்கிவிட்டது. வழிகாட்டிக் கோப்பில் ‘தேடலாம்’ என்று எழுதியிருந்தேன், ‘தேடு’ என்று மாற்றினேன். இரண்டாம் தடவை தேடியது, ‘எடை’ என்று தேடி எட்டுப் பதிவு வந்ததில் க-14 இல்லை. எல்லாவற்றிலும் எடை என்ற சொல் இருந்தது, கேட்கவா வேண்டும். முடிவு வகைப் பதிவுகள் முதலில் வரும்படி ‘தேடு’ கட்டளையைத் திருத்தினேன். மூன்றாம் தடவை இப்படிச் சொன்னது: ‘க-14இன்படி எடை மில்லிகிராமில் முழு எண்ணாக இருக்க வேண்டும், பட்டறைச் சிட்டையோடு மில்லி இடித்ததுதான் காரணம். படிக்க எளிதாக இருக்க வேண்டும் என்றால் திரையில் மட்டும் கிராமாகக் காட்டட்டுமா, அல்லது க-14ஐ அடித்துவிட்டுப் புதிய முடிவு எழுதவா?’

திரையில் மட்டும் மாற்றச் சொன்னேன். அடுத்த வாரம் அண்ணன் கடையிலிருந்து கூப்பிட்டார், கூலி கிலோவுக்கு இருப்பதை இனி ஜோடிக்கு என்று போட வேண்டுமாம். க-22ஐ அடித்து க-47 எழுதினோம். காரணம் பத்தியில் அவர் போனில் சொன்னதை அப்படியே போட்டிருக்கிறோம்: “சின்னக் கொலுசுக்குக் கிலோக் கூலி கட்டுபடியாகலைங்க தம்பி.”